பற்றற்ற செம்மல் விருது

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. பரவால்லீங்க, உக்காருங்க. எனக்கு வேடிக்கை பாக்கற வயசெல்லாம் போயிருச்சு. நான் ஈரோட்டுக்குப் போறனுங்க, மகளப் பாக்க. நீங்க? பெருந்துறையா? கிரகப்பிரவேசத்துக்குங்களா, நல்லதுங்க. பழப் பையை மடியில வெச்சுக்குங்க, கீழ வெச்சா நசுங்கிப் போயிரும். பஸ்ஸு பெருந்துறை போற வரைக்கும் பேச்சுத்துணை ஆச்சு.

என்ற பேரு சென்னியப்பனுங்க. கூட்டுறவு நூல் மில்லுல நிர்வாக அதிகாரியா இருந்து ரிடையர் ஆனவன். இப்ப இருக்கறது வடவள்ளி தாண்டி, பொன்மாலைப் பூங்கான்னு ஒரு எடம். முதியோர் இல்லம்னு மட்டும் சொல்லிராதீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும். இல்லம்னா புள்ளைக கொண்டாந்து விட்டுட்டுப் போறது. நம்முளுது குடியிருப்பு. நம்ம காசுல நாமளே வாங்கிக் குடி வந்துட்டு, அப்பறம் புள்ளைக வந்து பாக்காம இருக்கறது. ரெண்டுக்கும் நெம்ப வித்தியாசம் இருக்குதுங்க.

அங்க நாந்தான் சங்கச் செயலாளர். இருந்தேன்னு சொல்லோணும். முந்தாநேத்து ஆபீஸ் சாவிய ஒப்படைச்சுட்டேன். அதை விடுங்க.

நான் செயலாளரா வந்ததும் மொத வேலையா என்ன பண்ணுனேன் தெரியுமுங்களா? சாப்பாட்டுக் கூடத்துல ஒரு போர்டு வெச்சேன். 'இங்கே நோயும் கவலையும் பேசக் கூடாது.' அதுக்கு முன்னாடி அங்க உக்காந்து சோறு திங்க முடியாதுங்க. ஒருத்தருக்கு முட்டி வலி, இன்னொருத்தருக்கு மருமக வலி. போர்டு வெச்சனா, கப்சிப்னு அடங்கிப் போச்சு. ஒருத்தரும் வாயே தொறக்கறதில்ல. தட்டுல கரண்டி படற சத்தந்தான். வந்து பாத்தவங்கெல்லாம், என்ன அமைதி, என்ன அமைதின்னு மாஞ்சு போனாங்க.

வணக்கம் சொல்றதையும் மாத்திப்போட்டேன். காலைல ஒருத்தர ஒருத்தர் பாத்தா 'ஆனந்தம்'னு சொல்லோணும். எதுக்க வர்றவரு 'பேரானந்தம்'னு சொல்லோணும். முட்டி ஆபரேசன் பண்ணிட்டு வந்தவரக்கூட ஸ்ட்ரெச்சர்ல வெச்சே சொல்ல வெச்சமுங்க. அப்பறம் விடிஞ்சதும் சிரிப்பு மன்றம். வேப்பமரத்தடியில வட்டமா நின்னு எல்லாரும் சிரிக்கோணும். சிரிப்பு வரோணும்னு கட்டாயமில்ல, சிரிச்சாப் போதும். மொதல்ல நான் ஆரம்பிப்பேன், அவங்க புடிச்சுக்குவாங்க.

இருங்க, போன் அடிக்குது. அவருதான். எடுக்கறதில்லீங்க. காலைல இருந்து அடிச்சுட்டே இருக்கறாரு. யாருங்களா? அந்த மனுசனப் பத்தித்தானுங்க சொல்ல வந்தேன்.

தெய்வசிகாமணின்னு பேரு. மாட்டாஸ்பத்திரி டாக்டரா இருந்தவரு. பொள்ளாச்சிப் பக்கம் அவரு ஊசி போடாத மாடே இல்லைம்பாங்க. சம்சாரம் முன்னாலயே போயிட்டாங்க. ஒரே பையன், கனடாவுல. வந்த புதுசுல அவரால எனக்குப் பெரிய ரோதனைங்க. கேரம் போர்டுல உக்காந்தாருன்னா சண்டைதான். செவப்புக் காய் விழுந்துச்சா இல்லையான்னு அவரு கத்தற கத்துக்கு காம்பவுண்டுக்கு வெளிய நாய் கொலைக்கும். சாம்பார்ல உப்பில்லேன்னா கிண்ணத்தத் தூக்கிட்டு சமையக்கட்டுக்கே போயிருவாரு. என்ற போர்டுக்குக் கீழயே உக்காந்துட்டு, 'முதுகு வலி உசுரு போகுதப்பா'ம்பாரு. வேணும்னேதான்.

இந்த இட்லிய நீங்க சாப்புடுங்க தம்பி. வெள்ளனே சமையக்கட்டுல கட்டிக் குடுத்துட்டாங்க, எனக்கு எறங்கறதில்ல. எதைத் தின்னாலும் சக்கையாட்டத்தான் இருக்குது. வெக்கப்படாதீங்க, சாப்புடுங்க.

அந்த மனுசன் போன ஆடி வாக்குல மாறுனாருங்க. அப்படி ஒரு மாத்தத்த நான் எங்கயும் பாத்ததில்ல. மொதல்ல கேரத்த விட்டாரு. வாங்கன்னு கூப்பிட்டா, 'அதுல என்னப்பா இருக்குது'ன்னாரு. அடேங்கப்பா, ஆச போச்சேன்னு நெனச்சேன். அப்பறம் சாப்பாடு. ரெண்டு வாய் எடுப்பாரு, தட்ட நகத்தி வெச்சுருவாரு. உப்பிருக்குதா, புளி இருக்குதா, ஒரு வார்த்த பேசறதில்ல. சமையக்காரங்க எல்லாம் சாமி கும்பிடாத கொறைதான். அப்பறம் தூக்கம். நான் வெள்ளனே நடக்கப் போறப்ப பாத்தா எனக்கு முன்னாடியே வந்து தாமரைக் குட்டைக்கிட்ட பெஞ்சுல உக்காந்திருப்பாரு. அசையறதில்ல. பிரம்ம முகூர்த்தத்துல தியானம் பண்றாருன்னு எல்லாருத்துகிட்டயும் சொன்னேன்.

முதுகு வலி, வயித்து வலி மட்டும் அப்பப்பச் சொல்லிட்டு இருந்தாரு. அந்த ஸ்கேன் இந்த ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பாத்தாச்சு, ஒண்ணுமில்லேன்னுட்டாங்க. ஒண்ணுமில்லாததுக்கு என்னத்தப் பண்றது? போர்டக் காட்டுனேன். அதோட அதையும் நிறுத்திட்டாரு.

ஒரு நா சாப்பாட்டுல பாதியில எந்திரிச்சுப் போறப்ப என்றகிட்ட வந்து நின்னாரு. 'நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுது சென்னியப்பா? யாருக்கும் பாரமில்லாமப் போயிட்டாச் சேரி'ன்னாரு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சுங்க! தெனம் ஒரு பொன்மொழி எழுதறதுக்கு வேற ஒரு போர்டு வெச்சிருக்கறேன். அப்படியே கொண்டுபோய் எழுதிட்டேன். 'யாருக்கும் பாரமின்றிப் போவதே பெரும்பேறு. டாக்டர் தெய்வசிகாமணி.' அதை எல்லாரும் போட்டோ எடுத்து அவங்கவங்க புள்ளைகளுக்கு வாட்ஸப்புல அனுப்புனாங்க. புள்ளைக கை கூப்பற பொம்மையப் போட்டுத் திருப்பி அனுப்புச்சுக. ஒருத்தி சூப்பர் அங்கிள்னு போட்டிருந்தா.

அப்பறந்தான் பொருளெல்லாம் குடுக்க ஆரம்பிச்சாரு. ரேடியோவ வாட்ச்மேனுக்குக் குடுத்தாரு. கேரம் போர்ட சங்கத்துக்கே எழுதி வெச்ச மாதிரி கொண்டாந்து வெச்சுட்டாரு. எனக்கு அவரோட கைத்தடி. வெள்ளிப் பூணு போட்டது தம்பி, கருங்காலி. 'உனக்கு நல்லாருக்கும் சென்னியப்பா'ன்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அடுத்த மாசத்துல இருந்து பேப்பர் வேண்டாம்னு பேப்பர்காரங்கிட்டச் சொல்லிட்டாராம். உலக விசயமே வேண்டாம்னு ஆயிருச்சு பாருங்க.

கடேசியா மார்கழி முடியறப்ப, ஆளு தெளிஞ்சு போனாரு. மொகத்துல ஒரு சிரிப்பு. ஊடு ஊடாப் போயி எல்லாருத்தையும் பாத்து, 'ஏதாச்சும் தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சுக்குங்க'ன்னாரு. கேரத்துல கைகலப்பு வரைக்கும் போனாரே ஒருத்தரு, அவரு கையப் புடிச்சு சித்த நேரம் நின்னாரு. நான் முடிவு பண்ணிட்டேன். தை மாச ஆண்டு விழாவுல இந்த மனுசனுக்கு ஒரு பட்டம் குடுத்தே ஆகோணும்.

கமிட்டியில பெரிய விவாதமே நடந்துச்சுங்க. முதுமை மாமணின்னு ஒருத்தர், ஞானத் திலகம்னு ஒருத்தர். நாந்தான் 'பற்றற்ற செம்மல்'னு சொன்னேன். அது ஒத்து வந்துச்சு. விருதுக் கேடயம் அடிச்சாச்சு, பொன்னாடை வாங்கியாச்சு, சிறப்பு விருந்தினரா முன்னாள் கவுன்சிலரக் கூப்பிட்டாச்சு.

அங்க வாரா வாரம் செவ்வாக்கெழமை ஒரு டாக்டரம்மா வரும். ஜெசிந்தான்னு பேரு, தூத்துக்குடிப் பக்கம். பிரசர் பாக்கும், சர்க்கரை பாக்கும், போயிரும். அதையும் மரியாதைக்கு மேடையில உக்கார வெச்சிருந்தேன். அங்கதானுங்க தப்பு நடந்து போச்சு.

மைக்கப் புடிச்சு நான் வாழ்த்துரை பேசறேன். அன்னிக்கு நல்லா வந்துச்சுங்க பேச்சு. 'பசியை வென்றார், தூக்கத்தை வென்றார், கோபத்தை வென்றார். ஆசையாய் வைத்திருந்த பொருளை எல்லாம் அள்ளிக் கொடுத்தார். எல்லாரிடமும் விடைபெற்றவர் போல் புன்னகையோடு இருக்கிறார்.' கைதட்டுன்னா கைதட்டு. நான் திரும்பிப் பாக்கறேன், அந்த டாக்டரம்மா மொகம் வெளுத்துக் கெடக்குது. சேர்ல இருந்து எந்திரிச்சு நேரா அவருகிட்டப் போயிருச்சு. இந்தப் பக்கம் கவுன்சிலரு பொன்னாடையப் பிரிச்சு ரெடியா நிக்கறாரு. அதப் பாக்காம அவரு கால்கிட்ட மண்டி போட்டு உக்காந்து, கையப் புடிச்சுட்டு, மெதுவாத்தான் கேட்டுச்சு. பக்கத்துல நின்ன எனக்குக் கேட்டுருச்சு.

'ஐயா, உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா? செத்துப் போயிரலாம்னு நெனப்பு இருக்கா?'

நல்ல நாளும் அதுவுமா, மேடையில, விருது வாங்கப் போற மனுசங்கிட்டக் கேக்கற கேள்விங்களா இது?

அவரு அந்தம்மா கைய இறுக்கிப் புடிச்சாரு. அப்பறம் 'ஆமா கண்ணு'ன்னாரு. அவ்வளவுதான். ஓன்னு அழுக ஆரம்பிச்சுட்டாரு. நாப்பது வருசமா ஆட்டையும் மாட்டையும் அதட்டுன தொண்டைங்க, ஒரு மைக்கும் வேண்டியிருக்கல. எதுக்க உக்காந்திருந்தவங்கெல்லாம் திகைச்சுப் போயிட்டாங்க. நான் ஆனந்தம்னு ஒரு கொரல் குடுத்துப் பாத்தேன், ஒருத்தரும் பேரானந்தம் சொல்லல. டாக்டரம்மா அவரத் தனியா விடவே இல்ல. கூடவே இருந்து, பையனுக்குப் போன் பண்ணி, கார் வரச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருச்சு. பொன்னாடைய என்னத்தப் பண்றது? வீணாப் போயிரக் கூடாதுன்னு கவுன்சிலருக்கே இன்னொருக்காப் போத்தி விட்டுட்டோம்.

அடுத்த செவ்வாக்கெழமை நான் அந்தம்மாகிட்ட நேராவே கேட்டேன். 'ஏனம்மிணி, அப்படியெல்லாம் கேட்டா, இல்லாத நெனப்பும் வந்துராதா?' அது என்ன சொல்லுச்சு தெரியுமுங்களா? 'கேக்கறதால வராதுங்கய்யா. உள்ள இருக்கறத எறக்கி வெக்கறதுக்கு ஒரு எடம் கெடைக்கும். வயசானவங்க மனச்சோர்வ மனச்சோர்வுன்னு சொல்ல மாட்டாங்க. முதுகு வலிக்குதும்பாங்க, சாப்பாடு புடிக்கலம்பாங்க, தூக்கமில்லம்பாங்க. புடிச்சத விட்டுருவாங்க. பொருளக் குடுத்துருவாங்க. ரொம்ப நாள் வாடிக் கெடந்தவங்க திடீர்னு தெளிஞ்சுட்டா, சந்தோசப்படறதுக்கு முன்னாடி பக்கத்துல உக்காந்து கேட்டுரணும். சிலசமயம் முடிவெடுத்துட்டதால வர்ற தெளிவா இருக்கும்.' நான் சொன்னேன், 'அப்படிப் பாத்தா எங்க குடியிருப்புல பாதிப் பேரு உங்க ஆளுங்கதான்'னு. நான் கிண்டலாத்தான் சொன்னேன். அது சிரிக்கல. 'ஆமாங்கய்யா'ன்னுச்சு.

சேரி, அது போகட்டும். வைத்தியமெல்லாம் முடிச்சு அவரு திரும்பி வந்தாரு பாருங்க, அங்க இருந்துதான் என்ற நெஜமான கஷ்டமே. வந்து கொஞ்ச நாள் சும்மா இருந்தாரு. அப்பறம் ஒரு மத்தியானம், சாம்பார்க் கிண்ணம் சமையக்கட்டுக்குப் போகுது! பழைய ஆளு வந்துட்டாரு. பத்தாததுக்கு, குடுத்த பொருளையெல்லாம் திருப்பிக் கேக்கறாரு தம்பி. கேள்விப்பட்டிருக்கீங்களா இந்த அநியாயத்த? வாட்ச்மேன்கிட்ட ரேடியோவ வாங்கிட்டாரு. பேப்பர் மறுபடி வருது. என்ற ஊட்டுக் கதவத் தட்டி, 'ஏப்பா, என்ற கைத்தடிய எடு'ன்னாரு. குடுத்தத திருப்பிக் கேக்கறது நம்ம பக்கத்துல உண்டுங்களா? நான் அதை எண்ணெய் போட்டுத் தொடச்சு வெச்சிருந்தேன். குடுத்துட்டேன்.

அப்ப நான் நாலு வார்த்த கேட்டே போட்டேன். 'செம்மல்னு பட்டம் குடுக்கற அளவுக்கு ஒசந்த மனுசன், இப்படி எறங்கிட்டீங்களே'ன்னேன். அவரு கைத்தடிய ஊனிட்டு நின்னு சொல்றாரு: 'ஏப்பா சென்னியப்பா, ஒரு மாடு ரெண்டு வேளை தீனி எடுக்கலீன்னா ஊட்டுல பொம்பளையாளுக அழுதுட்டு என்னையக் கூட்டியார ஆளு அனுப்புவாங்க. நான் மாசக்கணக்கா தீனி எடுக்கல, அசை போடல, ஒதுங்கி நின்னேன். நீ எனக்குப் பொன்னாடை வாங்கிட்டு வந்த.'

படிச்ச மனுசன் தன்னைய மாட்டோட சேத்துப் பேசறாரே, அதான் என்ற வருத்தம்.

இப்ப என்ன ஆகிப் போச்சுங்கறீங்க? என்ற போர்டுக்குக் கீழ உக்காந்துட்டு மாத்திரையப் பிரிச்சு வாயில போட்டு, 'இது மனசுக்கு'ன்னு ஊருக்கே சொல்றாரு. அதப் பாத்துட்டு ஒவ்வொருத்தராக் கெளம்பிட்டாங்க. எனக்குந் தூக்கமில்ல, எனக்கும் புடிக்கலேன்னு. செவ்வாக்கெழமை டாக்டரம்மா ரூம் வாசல்ல ரேசன் கடையாட்டக் கூட்டம். சாப்பாட்டுக் கூடத்துல ஒரே எரைச்சல். அழுகறாங்க, திட்டறாங்க, அப்பறம் பாத்தா கேரம் வெளையாடறாங்க. சிரிப்பு மன்றத்துக்கு ஆளே கொறஞ்சு போச்சு. கேட்டா, 'வந்தாச் சிரிச்சுக்கறமுங்க'ங்கறாங்க.

போன வாரம் நாந்தான் ஆரம்பிக்கோணும். மரத்தடியில நின்னு வாயத் தொறந்தேன். வரலீங்க. காத்துத்தான் வந்துச்சு. எல்லாரும் வட்டமா நின்னு என்ற மொகத்தையே பாத்துட்டு இருக்கறாங்க. அதை விடுங்க.

அன்னில இருந்து இந்த மனுசன் என்றகிட்ட ஒட்டிக்கிட்டாரு. 'நீ எளச்சுட்ட சென்னியப்பா. ருக்குமணி போனதுல இருந்து உன்ற மொகமே சேரியில்ல'ங்கறாரு. ருக்குமணி என்ற சம்சாரமுங்க. போயி வருசமாகப் போகுது. காரியத்துக்கு மறுநாளே நான் சிரிப்பு மன்றத்துக்கு வந்துட்டேன். எல்லாரும் பாராட்டுனாங்க, செயலாளர்னா இப்படி இருக்கோணும்னு. அதை விடுங்க. அவரு கதவத் தட்டறப்பெல்லாம் உள்ள இருந்துட்டே இல்லாத மாதிரி இருந்துக்குவேன். இப்ப போனு.

ஈரோட்டுக்கு எதுக்குப் போறேன்னா, அவங்கம்மா நகைய மககிட்டக் குடுத்தர்லாம்னுதான். விசேசமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நான் வர்றது அவளுக்குத் தெரியாது. குடுத்துட்டா ஒரு நிம்மதி. சங்கத்துச் சாவியக் குடுத்தாச்சு, பூச்செடியெல்லாம் பக்கத்து ஊட்டம்மாவுக்குக் குடுத்தாச்சு. ரெண்டு நாளா மனசு நெம்பத் தெளிவா இருக்குதுங்க. முன்னாடியெல்லாம் வெடிய வெடிய மோட்டுவளையப் பாத்துட்டே கெடப்பேன். இப்ப அதுகூட இல்ல.

கையக் காட்டுங்க தம்பி. சும்மா காட்டுங்க. இந்த வாட்ச்சு மில்லுல ரிடையர் ஆகறப்பக் குடுத்தது. ஒரு நா நின்னதில்ல. பாருங்க, உங்க கைக்குத்தான் எடுப்பா இருக்குது. வெச்சுக்குங்க. அட, வெச்சுக்குங்க. நான் இனி நேரம் பாத்து என்ன ஆகோணும்?

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

என்ன கேட்டீங்க?

இல்லீங்க, கேட்டுது. காது நல்லாத்தான் கேக்குது. டாக்டரம்மா கேட்ட அதே கேள்வி. தம்பி, நான் செயலாளருங்க. போர்டு வெச்சவனே நாந்தான். என்றகிட்டப் போயி இதைக் கேக்கறீங்களே.

அதை விடுங்க.

விடுங்கன்னா விடமாட்டீங்களா?

பாருங்க, பெருந்துறை வந்துருச்சு. எறங்குங்க. பையை எடுத்துக்குங்க. பந்தி போட்டுக் காத்துட்டு இருப்பாங்க உங்களுக்கு. கண்டக்டர் விசிலடிக்கறாரு தம்பி, எந்திரிங்க.

பஸ்ஸு கெளம்பிருச்சே. எனக்கோசரமா எறங்காம இருந்துட்டீங்க?

இத்தனை நாள்ல நேரா ஒருத்தரும் கேக்கலீங்க. நான் ஆனந்தம்னு சொல்லுவேன், அவங்க பேரானந்தம்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. நானே வெச்ச வழக்கந்தான். யாரக் கொற சொல்றது?

ஆமாங்க. இருக்குதுங்க அந்த நெனப்பு. மார்கழியில இருந்து இருக்குது. மக மொகத்த ஒருக்காப் பாத்துட்டு அப்பறம்னு…

இருங்க. அவருதான் மறுபடியும். நீங்களே எடுத்துப் பேசுங்களேன். சென்னியப்பன் ஈரோட்டு பஸ்ஸுல இருக்கறான்னு சொல்லுங்க. பக்கத்துல ஆளு இருக்குதுன்னு சொல்லுங்க. கத்துவாரு, கத்தட்டும். ஈரோட்டுக்கு வரச் சொல்லுங்க. டாக்டரம்மாகிட்டயும் சொல்லச் சொல்லுங்க.

அப்பறம் தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த வாட்ச்சக் கழட்டிக் குடுத்துருங்க.